சிவப்புப் பட்டை வரும்வரை காத்திருக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அங்கன்வாடிகளில் எடை குறைந்த குழந்தைகளைக் கணக்கெடுப்பது பற்றி உங்கள் தருமபுரி பதிப்பில் வந்த செய்தியைப் படித்தேன். நான் அரூர் வட்டத்தில் மலையடிவாரத்து மையம் ஒன்றில் 31 ஆண்டுகள் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எடை பார்ப்பது, கைச்சுற்றளவு அளப்பது, சத்துமாவு கொடுப்பது, மதியம் சோறு போட்டு வாய் துடைத்துவிடுவது என்று என் காலம் போனது. அந்தச் செய்தியில் விடுபட்டுப்போன ஒரு வகைக் குழந்தைகளைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று 4 நாளாக மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாமல் வெட்ட வேண்டியிருந்தால் வேறு எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், இரும்புச்சத்து மருந்து பற்றி எழுதியிருப்பதை மட்டும் விட்டுவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

அரிவாள் செல் இரத்தசோகை உள்ள குழந்தைகளைத்தான் சொல்கிறேன். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து சீக்கிரமே உடைந்துபோகிற பரம்பரை நோய் அது. அப்படி ஒரு குழந்தை என் கண்முன்னே இளைத்தது. காரணம் தெரியாமல் 14 மாதம் நான் அதன் அம்மாவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தக் குழந்தை எங்கள் மையத்தில் பதிவானபோது 7 மாதம். பெண் குழந்தை, வீட்டுக்கு இரண்டாவது. பிறந்தபோது 2 கிலோ 700 கிராம். 6 மாதம் தாய்ப்பால் மட்டும் குடித்துக் கொழுகொழுவென்றுதான் இருந்தது. 8-வது மாதத்தில் ஒருநாள் காலை, நான் கதவைத் திறப்பதற்குள் அதன் அம்மா தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். இரண்டு கையும் இரண்டு பாதமும் வீங்கியிருந்தன. சுண்டுவிரல்கூடக் கட்டைவிரல் தடிமனுக்கு இருந்தது. சத்துக் குறைவு முற்றினால் இரண்டு பாதமும் வீங்கும், கட்டைவிரலால் 3 விநாடி அழுத்தி எடுத்தால் குழி விழும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். அழுத்தினேன். குழி விழவில்லை. குழந்தை வீறிட்டு அழுதது, தோல் என் விரலுக்குச் சுட்டது. சத்துக் குறைவு வீக்கம் இப்படி வலிக்காது, இப்படிச் சுடாது. அந்த இடத்திலேயே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பதிவேட்டில் ‘வீக்கம், ஊட்டச்சத்துக் குறைபாடு சந்தேகம்’ என்று எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். ஒரு வாரத்துக்குள் வீக்கம் வடிந்துவிட்டது. “ஏதோ பூச்சி கடிச்சிருக்கும் டீச்சர்” என்றார் பாட்டி. அத்தோடு எல்லோரும் மறந்துபோனோம்.

இந்த நோய் முதலில் தலைகாட்டுவதே பல குழந்தைகளுக்கு இப்படித்தானாம். 6 மாதத்திலிருந்து 2 வயதுக்குள் கை கால் விரல்கள் வீங்கும், வலிக்கும். வயிற்றில் இருந்தபோது இருந்த சிசு ஹீமோகுளோபின் என்ற ரத்தப் பொருள் பிறந்த பிறகும் சில மாதம் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அது குறையக் குறைய நோய் வெளியே வருகிறது. சரியாக அதே 6-வது மாதத்தில்தான் நாமும் தாய்ப்பாலோடு கூழும் பருப்புச் சாதமும் ஊட்ட ஆரம்பிக்கிறோம். அதனால் வீட்டில் பெரியவர்கள் “சோறு ஒத்துக்கலை” என்று முடிவு கட்டி, கொடுக்கிற சோற்றையும் குறைத்துவிடுகிறார்கள். எங்கள் குழந்தைக்கும் அதுதான் நடந்தது.

முதல் பிறந்தநாளுக்கு எடை 7 கிலோ 200. அப்போதே வளர்ச்சி அட்டையின் கீழ்க்கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அதன் பிறகு ஒரு மாதம் 200 கிராம் ஏறும், அடுத்த மாதம் காய்ச்சலோ கை கால் வலியோ வந்து 300 கிராம் இறங்கும். விட்டதைப் பிடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும். நம் மாவட்டத்தில் கால் வலி என்றதும் எல்லோருக்கும் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடுதான் ஞாபகம் வரும். ஒகேனக்கல் குடிநீர் வருவதற்கு முன்னால் பல்லும் எலும்பும் கெட்டவர்களைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. ஆனால் ஒன்றரை வயதுக் குழந்தை இரவில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுவதற்கு ஃபுளோரைடைக் காரணம் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது என்று இப்போது தெரிகிறது.

அந்த அம்மாவை நான் பேசிய பேச்சை இங்கே எழுத வேண்டும். “கொடுக்கிற சத்துமாவை ஆட்டுக்குட்டிக்குப் போடறியா? பெரிய பையன் தின்னுடறானா?” என்று மற்ற அம்மாக்கள் எதிரிலேயே கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, “இல்லீங்க டீச்சர், நாலு வாய்க்கு மேல வாங்க மாட்டேங்குது. வாயை இறுக்கிக்குது” என்றாள். நான் நம்பவில்லை. குழந்தையின் வயிறு பெரிதாகத் தெரிந்தது. வயிறு நிறைந்திருக்கிறது, கை கால்தான் குச்சியாக இருக்கிறது, பூச்சி வயிறாக இருக்கும் என்று குடற்புழு மாத்திரைக்கு எழுதினேன். அவள் சொன்ன அந்த ‘நாலு வாய்’ முழு உண்மை.

22-வது மாதம் காய்ச்சல் வந்து, குழந்தை வெளுத்துப்போய், வயிறு மேலும் உப்பி மூச்சிரைத்தது. 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எடை 7 கிலோ 800. ரத்தம் ஏற்றினார்கள். எச்.பி.எல்.சி. என்ற ரத்தச் சோதனையில்தான் அரிவாள் செல் என்று தெரிந்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பார்த்தபோது இருவரிடமும் இந்த நோய்க்கான மரபுக்கூறு ஒன்று மட்டும் இருந்தது. அவர்களுக்கு எந்தத் தொல்லையும் இல்லை, இருப்பதே தெரியாது. அப்படி இரண்டு பேர் சேர்ந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் பிறக்கும் குழந்தைக்கு நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பு. மூத்த பையனுக்கு வரவில்லை, இதற்கு வந்துவிட்டது. இதில் யார் குற்றமும் இல்லை.

குழந்தையைப் பார்க்க நான் வார்டுக்குப் போன அன்று, டாக்டர் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக் குழந்தையின் இடது விலாவுக்குக் கீழே வைத்து, “இங்க கெட்டியா தெரியுதா? இதுதான் மண்ணீரல். தினமும் தொட்டுப் பாரும்மா. திடீர்னு பெரிசானா ஒரு நிமிஷம் வீட்ல நிக்காதே” என்றார். பிறகு அவர் சொன்னதைக் கேட்டபோதுதான் எனக்கு ‘நாலு வாய்’ புரிந்தது. வீங்கிய மண்ணீரல் இரைப்பையை நெருக்குகிறது. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்ததுபோல ஆகிவிடுகிறது. நான் பார்த்த பெரிய வயிறு சோறு நிறைந்த வயிறு இல்லை.

இன்னொன்றும் சொன்னார். நமக்கு ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். இந்தக் குழந்தைகளுக்கு அது கதிர் அரிவாள் மாதிரி வளைந்து, விறைத்து, 10 முதல் 20 நாளில் உடைந்துபோகிறது. உடைய உடைய எலும்பு மஜ்ஜை இரவு பகலாகப் புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும். ரத்தம் குறைவாக இருப்பதால் இதயமும் வேகமாக அடிக்க வேண்டும். அதனால் பாயில் சும்மா படுத்திருக்கும்போதே இந்தக் குழந்தையின் உடம்பு மற்ற குழந்தையைவிட அதிகம் செலவழிக்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தை சாப்பிடுகிற அதே அளவு சாப்பிட்டால் இதற்குப் போதாது. அந்த அளவையும் ஒரு வேளையில் இதனால் சாப்பிட முடியாது. நோவு வந்த நாட்களில் எதையுமே தொடாது. புரதம், ஃபோலிக் அமிலம், துத்தநாகம் எல்லாம் கூடுதலாகத் தேவை, ஆனால் கிடைப்பது குறைவு. எங்கள் பதிவேட்டில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை. எல்லாக் குழந்தைக்கும் போட்ட ஒரே கோட்டில் இதையும் வைத்து, கோட்டுக்கு மேலே இருக்கிற வரைக்கும் ‘இயல்பு’ என்று எழுதிக்கொண்டிருந்தோம்.

இப்போது இரும்புச்சத்து மருந்துக்கு வருகிறேன். 6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளுக்கு வாரம் 2 முறை 1 மில்லி இரும்புச்சத்து சிரப் கொடுக்கிறோம். அதில் 20 மில்லிகிராம் இரும்பும் 100 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. நல்ல திட்டம், சாதாரண ரத்தசோகைக்கு அவசியமானது. இந்தக் குழந்தை வெளுத்திருக்கிறதே என்று நான் அக்கறையாக, ஒரு வாரம்கூடத் தவறாமல், என் கையாலேயே ஊற்றினேன். ஆனால் இந்தக் குழந்தைக்கு ரத்தம் குறைவது இரும்பு இல்லாததால் இல்லை, அணுக்கள் உடைவதால். உடைந்த அணுவின் இரும்பு பெரும்பாலும் உடம்புக்குள்ளேயே தங்குகிறது. ரத்தம் ஏற்ற ஏற்ற இன்னும் சேர்ந்து, கல்லீரல், இதயம் போன்ற உறுப்புகளில் படிகிறது. ரத்த அணுவில் மரபுக் கோளாறு இருப்பது தெரிந்த குழந்தைகளுக்கும், அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் குழந்தைகளுக்கும் இந்தத் தடுப்பு சிரப்பைக் கொடுக்கக் கூடாது என்று அரசின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. அந்த வரி என் மையத்துக்கு வந்து சேரவே இல்லை. இந்த நோய் உள்ள சில குழந்தைகளுக்கு இரும்பும் குறைவாக இருக்கலாம். அதை, உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். வெளுப்பைப் பார்த்து நாமாக ஊற்றக் கூடாது. சிரப்பை நிறுத்தினால் அதிலிருந்த ஃபோலிக் அமிலமும் நின்றுவிடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. புது அணு செய்ய அது வேண்டும், அதனால் ஃபோலிக் அமில மாத்திரையைத் தனியாக வாங்கிக் கொடுக்க வேண்டும். சந்தையில் ‘ரத்தம் ஊறும்’ என்று விற்கிற லேகியமும் டானிக்கும் இந்தக் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். பீட்ரூட்டும் மாதுளையும் கொடுத்தால் சரியாகிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். சாப்பிடட்டும், தவறில்லை. ஆனால் எந்தச் சாப்பாடும் இந்த நோயைக் குணமாக்காது. இளைக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் சாப்பாடு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்தப் பாட்டியும் நானும் ஒரு வேலை செய்தோம். எங்கள் பக்கம் குழந்தைக்குக் கேழ்வரகுக் கூழ்தான் முதல் உணவு. அதில் குறை இல்லை. ஆனால் சாதாரண மாவை 2 கரண்டி போட்டாலே கெட்டியாகிவிடும். குழந்தை விழுங்காது என்று தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கரைப்போம். கடைசியில் கிண்ணம் நிறையத் தண்ணீரும் அடியில் கொஞ்சம் மாவும்தான் இருக்கும். நாலே வாய் வாங்குகிற குழந்தைக்கு அந்த நாலு வாயும் தண்ணீராக இருந்தால் என்ன ஆகும்? அதனால் முளைகட்டினோம். ராத்திரி ஊறவைத்த கேழ்வரகைக் காலையில் வடித்து, பழைய வெள்ளை வேட்டியில் மூட்டை கட்டி, அடிக்கடி தண்ணீர் தெளித்து வைத்தால் மறுநாளே வால் விடும். நிழலில் உலர்த்தி, மணம் வருகிற அளவுக்கு லேசாக வறுத்து, உள்ளங்கையால் தேய்த்து முளையைப் புடைத்துவிட்டு அரைத்தோம். கருக வறுத்தால் முளைகட்டிய பலன் போய்விடும். முளைவிடும்போது தானியத்தின் மாவுச்சத்து உடையத் தொடங்குவதால், இந்த மாவை இரண்டு மடங்கு போட்டாலும் கூழ் குழந்தை விழுங்குகிற பதத்திலேயே இருக்கிறது. கேழ்வரகில் துத்தநாகத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைத்துக்கொள்கிற பொருளும் முளைகட்டும்போது குறைகிறது. வறுத்த நிலக்கடலையையும் பொட்டுக்கடலையையும் பொடித்துக் கலந்தோம். கடலையை முழுசாகக் கொடுத்தால் புரை ஏறும், பொடிதான் சரி. பாலக்கோட்டு வெல்லம் கொஞ்சம். இறக்கும்போது ஒரு தேக்கரண்டி கடலெண்ணெய். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் 45 கலோரி இருக்கிறது, வயிற்றில் இடமே அடைக்காது. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகக் கூடாது, மெதுவாக நழுவ வேண்டும். பாட்டிக்கு நான் சொன்ன அளவு அது ஒன்றுதான்.

மூன்று வேளையை ஆறு வேளையாக்கினோம். விடிந்ததும் கொடுத்துக்கொண்டிருந்த வறட்டு டீயையும் பன்னையும் நிறுத்தியதுதான் பெரிய சண்டை. மலையிலும் அடிவாரத்திலும் பிள்ளைகள் டீ குடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கும், அது பசியைக் கொன்றுவிடும். டீக்குப் பதில் இந்தக் கூழ். பத்து மணிக்கு மையத்தில் சத்துமாவு உருண்டை, மதியம் சோற்றோடு முருங்கைக்கீரையோ பருப்போ, முட்டை நாளில் முட்டை. 2 வயது தாண்டிய குழந்தைக்கு மையத்தில் வாரம் 3 முட்டை, மற்ற நாளுக்கு வீட்டுக் கோழி முட்டையை விற்காமல் எடுத்துவைக்கச் சொன்னேன். 2023-லிருந்து நம் மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது இப்படிப்பட்ட வீடுகளுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதைக் கூழ் கிண்டியவர்களைக் கேட்டால் தெரியும்.

தண்ணீர் விஷயத்திலும் ஒரு தவறு நடந்துகொண்டிருந்தது. குழந்தை பாயை நனைக்கிறது என்று பொழுது சாய்ந்ததும் தண்ணீர் கொடுப்பதை அம்மா நிறுத்தியிருந்தாள். இந்த நோயில் சிறுநீரகத்தால் தண்ணீரைச் சேமித்துவைக்க முடியாது, அதனால் சிறுநீர் அதிகம் போகும். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் குறையாது, உடம்பு வறண்டு ரத்த அணு வளைந்து வலிதான் வரும். வலி வந்தால் சோறு இறங்காது. பாய் நனைந்தால் துவைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, ஒரு பாட்டிலை மையத்தில் அதற்கென்றே வைத்தேன். சித்திரை வெயிலில் நம்மூர் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மார்கழிப் பனியும் ஆகாது, சட்டைக்கு மேல் சட்டை போட வேண்டும்.

ஒவ்வொரு நோவுக்குப் பிறகும் வருகிற 2 வாரம்தான் முக்கியமான காலம் என்று நான் கண்ணால் பார்த்தேன். காய்ச்சல் விட்டதும் குழந்தைக்குப் பசி எடுக்கும். அந்த 2 வாரமும் தினம் ஒரு வேளை கூடுதலாகக் கொடுத்தால் இழந்தது திரும்பிவிடுகிறது. அப்போது விட்டால் அடுத்த நோவு அந்த மெலிந்த உடம்பின் மேலேயே வந்து விழுகிறது. மருந்தும் கூடவே நடக்க வேண்டும். அந்தக் குழந்தைக்குத் தொற்று வராமலிருக்க 2 வேளை பெனிசிலின், அணு வளைவதைக் குறைக்க ஹைட்ராக்சியூரியா, ஃபோலிக் அமிலம், நிமோனியா தடுப்பூசி எல்லாம் டாக்டர் எழுதிக் கொடுத்தபடி நடந்தன. மண்ணீரல் வேலை செய்யாமல்போகும் நோய் இது, காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துப் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 3 வயது முடிந்தபோது எடை 11 கிலோ. மற்ற குழந்தைகளைவிட இன்னும் சின்னதுதான். ஆனால் ஏறிய கோடு இறங்கவில்லை.

இறங்கியது ஒரே ஒருமுறை. அப்பா அம்மா இருவரும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனபோது குழந்தையையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே எந்த மையத்திலும் பதியவில்லை, சத்துமாவு இல்லை, மாத்திரை பாதியில் தீர்ந்துவிட்டது. 2 மாதம் கழித்து 700 கிராம் குறைந்து திரும்பி வந்தது. சித்தேரி மலை, வத்தல்மலை, அஞ்செட்டிப் பக்கத்து ஊர்களிலிருந்து பிழைப்புக்கு வெளியூர் போகிற எத்தனையோ வீடுகளில் குழந்தையும் மூட்டையோடு மூட்டையாகத்தான் போகிறது.

இது எங்கோ ஆப்பிரிக்காவில் இருக்கிற நோய் என்று படித்த ஒருவரே என்னிடம் சொன்னார். நைஜீரியாவிலும் காங்கோவிலும் இந்த நோயோடு பிறக்கும் குழந்தைகள் அதிகம் என்பது உண்மை. அதே வரிசையில் இந்தியாவும் இருக்கிறது. 1952-லேயே லேமன், கட்புஷ் என்ற இருவர் நம் நீலகிரி மலை மக்களிடம் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். ஒரு மரபுக்கூறு மட்டும் இருப்பவர்களைக் கடும் மலேரியாவிலிருந்து அது காத்ததால்தான், மலேரியா வாட்டிய காடு மலைகளில் வாழ்ந்தவர்களிடம் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டதாம். 2023 ஜூலை 1 அன்று மத்திய அரசு இதற்கென்று தனி இயக்கம் தொடங்கி, 2047-க்குள் ஒழிப்பது என்று இலக்கு வைத்து, பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைச் சோதிப்பதாக அறிவித்தது. அதில் தமிழ்நாடும் உண்டு. சோதனை செய்துகொண்டவர்களுக்கு முடிவு எழுதிய அட்டை கொடுக்கிறார்கள். நல்லது. ஆனால் அந்த அட்டை வீட்டில் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. எடை எழுதுகிற பதிவேடு அங்கன்வாடியில் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

நான் கேட்பது இதைத்தான். அரிவாள் செல் உறுதியான குழந்தையின் பெயருக்கு எதிரே அங்கன்வாடிப் பதிவேட்டிலும், எடையை நாங்கள் பதிவு செய்யும் போஷன் டிராக்கர் என்ற அரசுச் செயலியிலும் ஒரு குறி இருக்கட்டும். அந்தக் குறி இருந்தால், எடை எந்தக் கோட்டில் இருந்தாலும் கூடுதல் உணவு கிடைக்கட்டும். ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டம் 2022-ல் வந்த பிறகு, கடுமையாக இளைத்த குழந்தைகளுக்குச் சிறப்பு உணவு கொடுத்துத் தேற்றியதை நானே பார்த்திருக்கிறேன். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது கிடைக்க கைச்சுற்றளவு நாடாவில் சிவப்புப் பட்டை, அதாவது 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே, வர வேண்டும், அல்லது எடை அந்த அளவுக்கு இறங்க வேண்டும். மற்ற குழந்தை அங்கிருந்து 2 மாதத்தில் ஏறி வந்துவிடும். அரிவாள் செல் குழந்தை அங்கே இறங்கினால், ஏறுவதற்குள் அடுத்த காய்ச்சல் வந்துவிடுகிறது. அது இறங்கும்வரை காத்திருந்து பிறகு உணவு கொடுப்பது அந்தக் குழந்தைக்குச் செய்கிற அநியாயம்.

நோவு முடிந்து வீடு திரும்பிய குழந்தையை அடுத்த மாத எடை நாள்வரை விடாமல், 2 வாரத்துக்குள் ஒருமுறை எடை பார்க்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை மையத்துக்கு வருகிற மருத்துவக் குழு, எடை ஏறாமல் வெளுத்திருக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் இந்தச் சோதனையை எழுத வேண்டும். கை கால் வீங்கிய கைக்குழந்தை என்றால் காத்திருக்கவே கூடாது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். இன்று சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. அதே பையில் இந்தக் குழந்தையின் ஃபோலிக் அமிலமும் பெனிசிலினும் வந்தால், ஒரு மாத்திரைக்காக அந்த அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு 2 பஸ் மாறிப் போக வேண்டியிருக்காது. வெளியூர் வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு 2 மாத மாத்திரையும் சத்துமாவும் கையில் கொடுத்து, போகிற ஊரில் காட்டச் சொல்லி ஒரு சீட்டும் எழுதிக் கொடுக்கலாம். இதற்கெல்லாம் புதிதாக ஆள் போட வேண்டியதில்லை. இருக்கிறவர்களுக்கு அரைநாள் பயிற்சி போதும். விரல் வீக்கம் எப்படி இருக்கும், இடது விலாவில் எங்கே தொட வேண்டும், சிரப் யாருக்கு வேண்டாம் என்று எனக்கு யாராவது அந்த அரைநாளில் சொல்லியிருந்தால், 8-வது மாதத்திலேயே அந்தக் குழந்தையை நான் சரியான இடத்துக்கு அனுப்பியிருப்பேன்.

அந்தக் குழந்தை இப்போது ஒன்றாம் வகுப்பு. காலை உணவுத் திட்டத்தில் பள்ளியில் சாப்பிடுகிறது, வீட்டிலிருந்து பாட்டி கிண்டிய கூழையும் குடித்துவிட்டுத்தான் போகிறது. போன வாரம் வழியில் பார்த்தேன். பையில் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று கேட்டேன், எடுத்துக் காட்டியது. அதன் அம்மாவிடம் நான் அன்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டேன். “விடுங்க டீச்சர், எனக்கே தெரியாதே” என்றாள்.

வருகிற மாதம் எங்கள் ஊர் மையத்தில் எடை பார்க்கும் நாளன்று, இந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் பெண்ணிடம் கொடுக்கப்போகிறேன். நீங்கள் வெளியிட்டால் அச்சான தாளையே கொடுத்துவிடுவேன். அந்த மையத்தில் இப்போது 8 மாதக் கைக்குழந்தைகள் 3 பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
அரூர் வட்டம், தருமபுரி மாவட்டம்.
(குழந்தையின் குடும்பத்தை அடையாளம் காட்டிவிடும் என்பதால் என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)